மூன்றாம் ஓலை

நாச்சிமுத்து வண்டிக்கு அடியிலிருந்து முதுகால் ஊர்ந்து வெளியே வந்தான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "வண்டியில ஒண்ணும் இல்லண்ணே" என்றான்.

வேறு யாராக இருந்தாலும் இந்த வார்த்தைக்குச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நான் படவில்லை. வண்டியில் குற்றம் இல்லையென்றால் குற்றம் என் மகன்மேல் வந்து நிற்கும்.

"நல்லாப் பாத்தியா?"

"டேங்க்கக் கழுவியாச்சு. டீசல் பில்டர் மாத்தியாச்சு. மெயின் ரிலே புதுசு. காலையில இருந்து ஓடவிட்டுத்தான வச்சிருக்கேன்? ஒரு தும்மல் தும்முதா பாருங்க. ஷெட்டுக்குள்ள நல்ல புள்ளண்ணே இது."

பக்கத்து லாரியில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவன் சிரித்தான். "வண்டி நல்ல புள்ளதான். ஓட்டுற புள்ளதான்..." என்று இழுத்தான். நான் திரும்பிப் பார்த்ததும் குனிந்துகொண்டான். முன்பெல்லாம் இந்தப் பட்டறைப் பக்கம் நான் வந்தால் எழுந்து நிற்பவன் அவன்.

என் மகன் இனிகோ நத்தத்தில் புளி ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போனான். வடமதுரையில் மாதா கோயில் வளைவுக்கு வரும்போது, ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் திடீரென்று நின்றுவிட்டது. இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். முழு லோடு வண்டி. அவன் எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு, வண்டியைக் கோயில் சுற்றுச்சுவரில் கொண்டுபோய் நிறுத்தினான். சுவர் சரிந்தது. மத்தியானச் செபமாலை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இவனுக்கு மட்டும் நெற்றி ஸ்டீயரிங்கில் இடித்திருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி இறங்கினான். அந்தத் தள்ளாட்டத்தைப் பார்த்து யாரோ, "குடிச்சிருக்கான்டா" என்று சொல்லிவிட்டார்கள்.

அதைச் சொன்ன வாயைக்கூட மன்னித்துவிடலாம். கூட்டம் கலையுமுன் ஒருவன் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினானாம். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. "நின்னு போச்சுன்னான், இந்தா ஓடுதே!" அதோடு முடிந்தது. என் மகன் குடிகாரன், பொய்யன் இரண்டும் ஆனான்.

எங்கள் வீட்டில் குடிக்கிறவன் கிடையாது. என் ஐயா காலத்திலிருந்து எங்கள் ஊர் மாதா திருவிழாவுக்குச் சப்பரம் எங்கள் வண்டியில்தான் வருகிறது. அவர் காலத்தில் மாட்டு வண்டி, என் காலத்தில் லாரி. குடிக்கிறவன் வண்டியில் மாதாவை ஏற்றுவதில்லை என்பது ஊரின் ஏற்பாடு. அதனால் எங்கள் வீட்டு ஆண்கள் கல்யாண வீட்டில்கூடச் சோடா குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்கள். இனிகோவும் அப்படித்தான்.

வடமதுரையில் அது நடந்ததுதான் பெரிய கேடு. என் மகள் ரூபிக்கு அந்தக் கோயில் பங்கில்தான் மாப்பிள்ளை பார்த்திருந்தோம். பாஸ்கல் வெல்டிங் பட்டறை என்றால் வடமதுரையில் தெரியாதவர் இல்லை. அவருடைய மகன் மரியராஜ்தான் மாப்பிள்ளை. எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பங்குச்சாமி பூசையில் அறிவிப்பார். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவதற்கு முந்தின வாரம் சுவர் இடிந்தது.

பாஸ்கல் வீட்டுக்கு வந்தார். மரியாதை தெரிந்த மனிதர். செருப்பை வாசலுக்கு வெளியே விட்டார். காப்பியைக் கையில் வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க சனம் ஆளாளுக்குப் பேசுது. பொண்ணோட அண்ணன் குடிச்சிட்டுக் கோயில் செவத்த இடிச்சான், அந்த வீட்டுல சம்பந்தமாங்குது. நான் என்னத்தச் சொல்ல?"

"வண்டி நின்னு போச்சுன்னு சொல்லுங்க."

"சொன்னேன். சிரிக்கிறாங்க."

செபாஸ்தியம்மாள் கதவோரம் நின்றாள். அவள் என் மனைவி. இந்த மாதிரி நேரத்தில் முந்திக்கொண்டு பேசமாட்டாள். அன்று பேசினாள். "அண்ணே, என்ன செய்யணும்னு சொல்லுங்க."

பாஸ்கல் காப்பியைப் பார்த்தபடி சொன்னார். "எங்க கோயில்ல, ஞாயித்துக்கிழமைப் பூசையில, இனிகோ பீடத்துக்கு முன்னால முட்டி போட்டு, இனிமே குடிக்கமாட்டேன்னு ஒரு சத்தியம் பண்ணட்டும். நிறையப் பேரு பண்ணுறதுதான். அன்னைக்கே மூணாவது ஓலைய வாசிச்சிருவோம். எல்லாரு வாயும் அடைபட்டுப் போகும்."

நான் எழுந்து நின்றேன். "குடிக்காதவன் எதுக்கு முட்டி போடணும்? வண்டியில குத்தம் இருக்கு. நான் எடுத்துக் காட்டுறேன். அதுவரைக்கும் ஓலை நிக்கட்டும்."

அவரும் எழுந்தார். "காட்டுங்க சம்பந்தி. காட்டிட்டா அத்தன பேரு முன்னால நானே இனிகோ கையப் புடிச்சு மன்னிப்புக் கேக்குறேன். இது என் வார்த்தை."

அந்த வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது. இடிந்த சுவரைக் கட்டிக்கொடுக்கக் கொத்தனாரை அனுப்பிவிட்டு, வண்டியைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்து நாச்சிமுத்து பட்டறையில் விட்டேன். ஓலை நின்றது முதல் ரூபி எங்கள் கோயில் பாடல் குழுவுக்குப் போகவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை.

இப்போது நாச்சிமுத்து ஒன்றுமில்லை என்கிறான். ஸ்கேனரை மாட்டிக் காட்டினான். இரண்டு மூன்று கோளாறு எண்கள் வந்தன. "இதெல்லாம் என்னைக்கோ வந்த எரர் நம்பருண்ணே. அழிச்சிட்டேன், திரும்ப வரல. பதினஞ்சு வருசத்து வண்டி. அதுக்கும் மறதி இருக்கும்ல?"

"லோடு ஏத்து" என்றேன்.

"என்னண்ணே?"

"வெறும் வண்டிய நெழல்ல நிறுத்திவச்சு ஓடவிட்டா என்ன தெரியும்? அன்னைக்கு என்ன லோடோ அதே லோடு. அன்னைக்கு என்ன வெயிலோ அதே வெயில். நான் கூட ஏறுறேன்."

நத்தத்திலேயே புளி மூட்டை ஏற்றினோம். இனிகோ ஓட்டினான். சுவர் இடிந்த நாளிலிருந்து அவன் என்னோடு நிறையப் பேசுவதில்லை. நெற்றித் தையல் பிரித்த இடம் பளபளவென்று தெரிந்தது. நடு மத்தியானம், கண்ணாடிக்கு வெளியே தார் ரோடு நீர் மாதிரி நெளிந்தது. மாந்தோப்புகளைத் தாண்டி ஒரு மேட்டில் வண்டி ஏறிக்கொண்டிருந்தது.

சத்தம் எதுவும் இல்லை. இழுக்கவில்லை, முக்கவில்லை. ஆர்.பி.எம். முள் விழுந்தது. இன்ஜின் நின்றது. காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. இனிகோ முழு உடம்பாலும் ஸ்டீயரிங்கைத் திருப்பி ஓரம் கட்டினான். கழுத்து நரம்பு புடைத்தது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"பாத்தீங்களா" என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

புளிய மரத்தடியில் உட்கார்ந்தோம். செத்த நேரம் கழித்து அவன் போய்ச் சாவியைத் திருப்பினான். எதுவுமே நடக்காதது போல இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அன்று முதல் நாச்சிமுத்து கேலியை நிறுத்தினான். மறுபடி எங்களோடு ரோட்டுக்கு வந்து, சூடேறி வண்டி நின்ற சமயத்தில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தான். திரையில் எழுத்து வரவில்லை. இன்ஜினின் பக்கவாட்டில் போல்ட் போட்டு இறுக்கியிருந்த தட்டையான அலுமினியப் பெட்டியைத் தட்டிக் காட்டினான். எந்த நாசிலுக்கு எப்போது எவ்வளவு டீசல் என்று முடிவு செய்கிற கம்ப்யூட்டர் அதுதான். ஈ.சி.எம். என்பார்கள், பட்டறையில் அதற்குப் பெட்டி என்றுதான் பெயர். வயரை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தான். கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்தான்.

"கரண்டு வருது. எர்த்து வருது. எல்லாம் வந்தும் பெட்டி பதில் சொல்லமாட்டேங்குது. ஆறுனா பேசுது. குத்தம் பெட்டிக்குள்ளதாண்ணே. நான் ரோட்டுல பாக்காம வாய விட்டுட்டேன். உங்க மகன்கிட்டயும் சொல்லிருங்க."

"நீயே சொல்லு" என்றேன்.

சொன்னான். இனிகோ, "பரவால்லண்ணே" என்றான். அவ்வளவுதான்.

பெட்டியைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பழனி ரோட்டில் ஒரு மாடிக்கு ஏறினேன். வண்டிக் கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் பழுது பார்க்கிற கடை. நடத்துகிறவள் சுகன்யா என்ற பெண். கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்தவள். வாய் கொஞ்சம் நீளம்.

"என்னய்யா, பெட்டிய இப்படிக் கொழந்தயக் கொண்டாற மாதிரி கொண்டாறீங்க? அம்புட்டுப் பேரும் சாக்குல போட்டு எறிஞ்சிட்டுப் போவாங்க."

"இதுல குத்தம் இருக்கான்னு தெரியணும் தாயி. இருந்தா என்னன்னு தெரியணும்."

"குத்தம் இல்லாட்டி நானே உள்ள வச்சுத் தாரேன், கவலப்படாதீங்க" என்று சிரித்துக்கொண்டே மேசையில் பெட்டிக்கு வயர்களை மாட்டினாள். திரையில் எண்கள் ஓடின. "இப்பப் பேசுது பாருங்க." பிறகு தலைமுடி உலர்த்துவது போன்ற ஒரு கருவியை எடுத்துச் சூடான காற்றை அதன்மேல் விட்டாள். எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. காற்றைச் சற்று ஓரத்துக்கு நகர்த்தினாள். திரை அப்படியே உறைந்தது.

"செத்துருச்சு" என்றாள். விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டாள். செத்தது திரும்ப உயிர்பெற்றது. மறுபடியும் சூடு காட்டினாள், மறுபடியும் செத்தது.

என் நெஞ்சிலிருந்து ஒரு பாறை நகர்ந்தது. ஊரையே அந்த மாடிக்கு ஏற்றி இதைக் காட்ட வேண்டும் என்றிருந்தது.

அவள் மூடியைப் பிரித்து, விளக்கோடு கூடிய பெரிய லென்ஸைக் கீழே இழுத்தாள். நெடுநேரம் பார்த்தாள். "இங்க வாங்கய்யா. இந்தப் பச்சப் பலகையில கோடு கோடா ஓடுதுல்ல? இந்த ஓரத்துல பாருங்க, கோடு தீஞ்சு கருப்பா இருக்கா? இது எர்த்துப் பாத. பக்கத்துல இருக்குற இந்தச் சில்லும் வெந்து போயிருக்கு. வெளிய இருந்து பெரிய கரண்டு உள்ள வந்திருக்கு." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "வண்டியில வெல்டிங் வச்சீங்களா?"

நான் அந்தக் கருத்த கோட்டை இன்னொரு தடவை குனிந்து பார்த்தேன்.

"பேட்டரி வயரக் கழட்டாம வச்சிருக்காங்க. வெல்டிங் கரண்டு திரும்பிப் போக வழி தேடும்யா. பேட்டரி மாட்டியே இருந்துச்சுன்னா இந்தப் பெட்டி வழியாவும் போகும். அன்னைக்கே முழுசாச் செத்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இது பாதி வெந்தது. ஆறுனா ஓடும், சூடானா நிக்கும். டிரைவர்தான் திட்டு வாங்குவான். யாரு வச்சது? நல்ல வெல்டர்னா மொதல்ல பேட்டரியத்தான கழட்டுவான்?"

நல்ல வெல்டர்தான்.

போன ஆகஸ்டில், எங்கள் ஊர் மாதா திருவிழா அன்று நடந்தது அது. ரூபிக்குக் கல்யாணம் உறுதியாகிச் சில வாரம். பாஸ்கல் குடும்பத்தோடு எங்கள் ஊருக்கு வந்திருந்தார். லாரியின் நான்கு மூலையிலும் இரும்புக் கால் வைத்து மேலே வளைவு கட்டி, பூவும் பல்பும் சுற்றி, மாதாவை ஏற்றியாகிவிட்டது. சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். மாதா சுரூபத்துக்கு முன்னால் ஒரு சின்ன நீல விளக்கு. லாரி பேட்டரியிலிருந்து வயர் இழுத்து எரியவிடுவோம். மந்திரித்ததும் ஏற்றினால், மாதா ஊர் சுற்றிக் கோயிலுக்குள் திரும்பும்வரை அது அணையக் கூடாது. புறப்படும் நேரத்தில் ஒரு காலின் அடியில் ஒட்டு விட்டுப்போனது. வளைவு சாய்ந்தது. சனம் ஐயோ என்றது. பாஸ்கல்தான் வேட்டியை மடித்துக் கட்டினார். பந்தல்காரனின் ஜெனரேட்டரையும் வெல்டிங் செட்டையும் இழுத்து வரச் சொன்னார். பேட்டரிப் பெட்டியருகே போய் வயரில் கை வைத்தவர், மேலே அந்த நீல விளக்கைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

"மாதா முன்னால எரியுற வெளக்க அணைக்கவா? வேணாம் சம்பந்தி. ஒரே ஒரு ஒட்டு. இப்படியே வச்சிருவோம்."

எல்லாரும் அவரை மரியாதையாகப் பார்த்தார்கள். இந்த மனிதர் வீட்டுக்கல்லவா பெண் கொடுக்கிறோம் என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. பொறி பறந்தது. கால் நின்றது. விளக்கு அணையவில்லை.

"ஐயா?" என்றாள் சுகன்யா.

"திருவிழாவுல யாரோ வச்சாங்க தாயி."

"அந்த யாரோவப் புடிச்சு நாலு கேள்வி கேளுங்க. யாரு வந்து விசாரிச்சாலும் நான் சொல்லுறேன், இது டிரைவர் குத்தமில்லன்னு."

இந்தப் பலகையைப் பழுது பார்த்தாலும் இனி நிற்காது என்றாள். அந்த மாடல் பெட்டி இப்போது கம்பெனியிலும் வருவதில்லையாம். திருச்சியில் பழைய லாரிகளை உடைக்கிற இடத்திலிருந்து அதே எண்ணுள்ள ஒன்றைத் தேடி வரவழைத்தாள். வந்ததும் எங்கள் பெட்டியைக் குளிரவைத்து, அது பேசுகிற நேரம் பார்த்து, எங்கள் வண்டியின் எண்ணையும் ஒவ்வொரு நாசிலுக்கும் உரிய அளவையும் எடுத்து மற்றதில் ஏற்றினாள். "இல்லாட்டி இது இன்னமும் அந்த உடைஞ்ச வண்டியிலதான் இருக்கோம்னு நெனச்சிக்கிட்டு இருக்கும்" என்றாள்.

பழைய பெட்டியை அவள் குப்பையில் போடப் போனபோது கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நாச்சிமுத்து புதிதாக வந்ததை மாட்டினான். இந்தத் தடவை பேட்டரி வயரைக் கழற்றி ஓரமாகக் கட்டிவைத்துவிட்டுத்தான் கை வைத்தான். முதல் சாவியிலேயே பிடித்தது. லோடோடு அதே மேட்டில், அதே வெயிலில் ஓட்டிப் பார்த்தோம். நானும் இனிகோவும் மட்டும். நிற்கவில்லை. மேடு தாண்டி இறங்கும்போது அவனிடம் சொன்னேன்.

"வெல்டிங்காம்."

அவன் ரோட்டையே பார்த்தான். கியரை மாற்றினான். "திருவிழா அன்னைக்கு வச்சதா?"

"ஆமா."

கொஞ்ச தூரம் போனது. "யாருகிட்டயும் சொல்லாதீங்கப்பா" என்றான்.

"ஏலே, அவரே வார்த்த குடுத்திருக்காரு. குத்தத்தக் காட்டுனா உன் கையப் புடிச்சு மன்னிப்புக் கேக்குறேன்னு."

"அது அவரு குத்தம்னு தெரியாம குடுத்த வார்த்த."

"தெரிஞ்சு கேக்கட்டும்."

"கேப்பாரு. அவரு கேக்குற ஆளுதான். அம்புட்டு சனத்துக்கு முன்னால கேப்பாரு. பொறவு ரூபி அந்த வீட்டுக்குப் போய் அவருக்குச் சோறு போடணும். வெஞ்சனத்துல உப்புக் கொறஞ்சாக்கூட, இவ அப்பன்தான என்னையக் கோயில்ல தலகுனிய வச்சவன்னு தோணுமா தோணாதா?"

"அதுக்காக நீ குடிகாரன்னு ஒத்துக்குவியா?"

"இனிமே குடிக்கமாட்டேன்னு சொல்லணும். அம்புட்டுத்தான? நான்தான் குடிக்கிறதே இல்லயே. காப்பாத்துறதுக்கு ஈசியான சத்தியம்."

சிரிக்க முயன்றான். அவனுடைய அம்மாவின் சிரிப்பு அது. எனக்குக் கோபம்தான் வந்தது. "முட்டி போட்டா அது உன்னோட நிக்காது. உன் தாத்தன், என் ஐயா, அத்தன பேரும் உன்கூட முட்டி போட்ட மாதிரி. என் வீட்டு ஆம்பளை செய்யாத குத்தத்துக்கு முட்டி போடமாட்டான். ஞாயித்துக்கிழமை பூசைக்கு முன்னாலயே பாஸ்கல்கிட்ட நான் பேசிக்கிறேன். தனியா, மரியாதையா. சனத்துக்கு அவரு என்ன சொல்லுறாரோ சொல்லட்டும். நீ பின்னால நில்லு, போதும்."

அவன் ஹாரனை அழுத்தினான். வண்டி திண்டுக்கல்லுக்குள் நுழைந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வரும் லாரியிலேயே வடமதுரைக்குப் போனோம். கார் பிடிக்கலாம் என்றாள் செபாஸ்தியம்மாள். எந்த வண்டி அந்தச் சுவரை இடித்ததோ அதே வண்டியில் போய் இறங்குவது என்று நான் சொல்லிவிட்டேன். ரூபி நீலச் சேலை கட்டியிருந்தாள். ஜன்னல் ஓரம் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் பை என் மடியில் இருந்தது.

புதுச்சுவர் இன்னும் பூசப்படாமல் செங்கலாக நின்றது. நான் வாசலில் நின்று பாஸ்கலை எதிர்பார்த்தேன். பூசைக்கு மணி அடித்தது. அவர் வரவில்லை. தள்ளி நின்ற இரண்டு பேர் எங்கள் லாரியைப் பார்த்தார்கள். "செவத்துக்குத் தள்ளி நிறுத்தச் சொல்லுப்பா, இன்னும் ஈரமே காயல" என்று ஒருவர் சொன்னார். மற்றவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

பாடல் தொடங்கிய பிறகுதான் பாஸ்கல் குடும்பம் அவசரமாக வந்தது. அவர் என் தோளைத் தொட்டு, "உள்ள போவோம் சம்பந்தி, நேரமாச்சு" என்றார்.

"ஒரு வார்த்த பேசணும்."

"பூசை முடிஞ்சு பேசுவோம். சாமி பீடத்துக்கு ஏறிட்டாரு."

கோயில் வாசலில் வாக்குவாதம் செய்வது எனக்குப் பழக்கமில்லை. உள்ளே போனேன். ஆண்கள் பக்கம் தூணோரம் நின்றேன். இனிகோவைத் தேடினேன். பின்னால் இல்லை. முன் வரிசையில் தனியாக நின்றான். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பிரசங்கம் முடிந்ததும் சாமியார், "ஒரு சகோதரர் நேற்று என்னிடம் வந்து பேசினார்" என்று ஆரம்பித்தார். முந்தின நாள் லோடு எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் இவன் வீட்டிலிருந்து கிளம்பினான்.

இனிகோ நடந்தான். பீடத்தின் படிக்கு முன்னால் முழங்காலிட்டான். கையை மார்பில் கட்டிக்கொண்டான். மைக்கைக் கோயில் உபதேசியார் அவன் வாயருகே பிடித்தார்.

"இன்று முதல் நான் மதுவைத் தொடமாட்டேன். மாதா மேல் சத்தியம்."

குரல் நடுங்கவில்லை. லோடு இறங்கியதும் விவரம் சொல்வது போலச் சொன்னான். கோயில் முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது. பெண்கள் பக்கம் யாரோ கைதட்டினார்கள். என் பக்கத்தில் நின்றவர் என்னை யாரென்று தெரியாமல், "நல்ல பையனய்யா. குடிச்சவன் இப்படி வந்து ஒத்துக்கிறது எம்புட்டுப் பெரிய காரியம்" என்றார்.

பையில் இருந்த பெட்டி கனத்தது. நான் வாயைத் திறந்தால் போதும். அந்தக் கோயில் முழுக்கக் கேட்கிற குரல் இன்னமும் எனக்கு உண்டு. ஆனால் திறந்தால், முழங்காலிட்டிருக்கிற என் மகன் மாதாவுக்கு முன்னால் நாடகம் ஆடினான் என்று ஆகும். அவன் அந்தக் கதவையும் அடைத்துவிட்டுத்தான் முழங்காலிட்டிருந்தான்.

செபாஸ்தியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ரூபி அண்ணனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்தார். "தடை ஏதும் தெரிந்தவர்கள்" என்ற இடத்தில் சற்று நிறுத்தினார். வழக்கமாக நிறுத்துவதுதான். யாரும் எதுவும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் பாஸ்கல் இனிகோவைக் கட்டிப்பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அது பொய் இல்லை. இனிகோவின் தோளில் கை போட்டபடியே என்னிடம் வந்தார்.

"சம்பந்தி, சிங்கம் மாதிரிப் புள்ள பெத்திருக்கீங்க. பழசு எல்லாம் இதோட போச்சு. என்னமோ பேசணும்னீங்களே?"

இனிகோ என்னைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"அப்ப நான் ஒண்ணு சொல்றேன். அடுத்த வருசம் உங்க சப்பரத்துக்கு வளைவ நான் செஞ்சு தாரேன். துருப்பிடிக்காத குழாயில. காலத்துக்கும் நிக்கும். என் செலவு."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நான் லாரியைப் பார்த்தேன். அதன் பாடியில், திருவிழா முடிந்து வளைவை அறுத்து எடுத்த இடத்தில், நான்கு இரும்புக் கட்டைகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"அடுத்த வருசத்துல இருந்து சப்பரம் எங்க வண்டியில வராது" என்றேன்.

"என்ன சம்பந்தி இது! அதான் சத்தியம் பண்ணியாச்சுல்ல? யாரு என்ன சொல்லப் போறாங்க?"

"எங்க வீட்டுல குடிச்சவன்னு பேரு வாங்குன பொறவு மாதாவ ஏத்துறது முறையில்ல. எங்க ஊரு ஏற்பாடு அது. வேற வீட்டுக்குப் போகட்டும்."

இனிகோ, "அப்பா" என்றான். நான் அவனைப் பார்க்கவில்லை. அவன் தன் பேரைக் கொடுத்துவிட்டான். அந்தப் பேர் இல்லாத மரியாதையை நான் மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய?

"ஒண்ணு மட்டும் சம்பந்தி" என்றேன். "இனி யாரு வண்டியில வளைவு வச்சாலும், வெல்டிங் வைக்கும்போது மொதல்ல பேட்டரி வயரக் கழட்டிருங்க. வெளக்கு அணைஞ்சா மறுபடி ஏத்திக்கலாம்."

பாஸ்கல் சிரித்த முகத்தோடு, "அதுக்கென்ன..." என்று தொடங்கினார். பாதியில் நின்றுவிட்டார். அவர் பார்வை லாரியின் பாடிக்குப் போனது. பிறகு பூசாத சுவருக்குப் போனது. கடைசியில் என் கையிலிருந்த மஞ்சள் பைக்கு வந்தது. நாற்பது வருடம் வெல்டிங் வைத்தவர். அதற்குமேல் யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

இனிகோவின் தோளிலிருந்து கை மெதுவாக இறங்கியது. உதடு அசைந்தது. சுற்றிலும் அவர் பங்குச் சனம். அவர் மகன் மரியராஜ் நாலடி தள்ளி நின்று ரூபியோடு பேசிக்கொண்டிருந்தான். ரூபி வெகுநாள் கழித்து எதற்கோ சிரித்தாள். பாஸ்கல் அந்தப் பக்கம் பார்த்தார்.

"ரூபிக்குப் பழம் வாங்கி வச்சிருக்கேன்" என்றார். "கார்ல இருக்கு. எடுத்தாரேன்." போனார். நேராக நடக்கிற மனிதர், அன்று காரைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார்.

இனிகோ வண்டியில் ஏறினான். சாவியைத் திருப்பியதும் பிடித்தது. அந்தச் சத்தத்தில் பிசிறில்லை.

திரும்பி வரும்போது செபாஸ்தியம்மாள், "அந்தப் பையில என்னத்தக் காலையில இருந்து சொமந்துக்கிட்டுத் திரியுறீக?" என்று கேட்டாள்.

"பழைய வண்டிச் சாமான்" என்றேன்.

"எடைக்காவது போடுங்க."

இனிகோ ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். நான் பையின் வாயைச் சுருட்டிக் காலுக்கடியில் வைத்துக்கொண்டேன்.